ஆடு வர வழி விடுங்கள்

மாசிக் கடைசியில் பைக்கில் ஒரு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன். நாலுவழிச் சாலை வேண்டாம் என்று திருவாடானை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை எனக் கிராமத்து வழியாகவே போனேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரத்தநாட்டுப் பக்கம், சம்பா அறுத்த வயலில் தங்க இடம் கேட்டேன். அங்கே ஏற்கனவே ஒரு கீதாரி கிடை போட்டிருந்தார். அவரும் ராமநாதபுரத்துக்காரர்தான். நான் வண்டியில் வந்த தூரத்தை ஆடுகளோடு நடந்தே கடந்திருக்கிறார்.

"முன்ன மாதிரி இல்ல தம்பி. எங்க பாத்தாலும் கம்பி வேலி. ஆட்டுக்குத் தண்ணி காட்டவே சுத்திப் போக வேண்டியிருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் வேலி போட்டவன்தான். வேலியைப் போட்டுவிட்டு, எருவை லாரியில் விலைக்கு இறக்குகிறவன்.

விடிந்ததும் பட்டியை அடுத்த வயலுக்கு மாற்றினார்கள். ஆடு படுத்த இடமெல்லாம் புழுக்கையும் மூத்திரமும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இல்லாமல் வயலுக்கே நடந்து வந்த உரம். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சும்மாவா சொன்னார்கள்?

புதிதாக நிலம் வாங்கும் நண்பர்களே, வேலி போடுங்கள், தப்பில்லை. ஒரு பக்கம் படல் வையுங்கள். அறுப்பு முடிந்ததும் கீதாரியைக் கூப்பிட்டு, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, வேலியில் ஒரு பக்கம் பிரித்ததுதான்.