விலக்கு யாருக்கு? ஆபத்து யாருக்கு?

2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் வை-12 ரகச் சிறு விமானம் அப்புத்தளையில் வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். 1974 டிசம்பர் 4இல் மஸ்கெலியாவின் ஏழு கன்னியர் மலையில் டச்சு விமானமொன்று மோதி 191 பேர் மடிந்ததையும் மலையகம் மறக்கவில்லை. நமுனுகுலவின் சிகரம் 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அங்கே மூடுபனி இறங்கினால் எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது. அவ்வானில் பறப்போருக்கு எந்த விதி, எந்த விலக்கு என்பது தோட்ட மக்களுக்குப் புறம்பான விவகாரமன்று.

1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, தனது 3ஆம் உறுப்புரையால் இராணுவ விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. சட்டம் காணும் இவ்வேற்றுமையை லயத்துக் கூரை அறியுமா?

சிவில் துறையிலும் விலக்குக் கோருவோர் உளர். "ஒரு விமானம், ஓரிரு விமானிகள், பெரு நிறுவனங்களுக்குரிய ஏற்பாடெல்லாம் எமக்குக் கட்டுபடியாகா" என்பது சிறு சேவையாளர் வாதம். அதில் நியாயம் உண்டு. அமெரிக்க விதிகளும், ஒரே விமானியைக் கொண்டு வாடகை விமானம் நடத்துவோரை நடைமுறைக் கைந்நூல் எழுதும் கடமையிலிருந்து விடுவிக்கின்றன. ஆயினும் அந்த ஒற்றை விமானி, 12 மாதங்களுக்கொரு முறை அரசாங்கப் பரிசோதகர் முன்போ, அரசு அங்கீகரித்த பரிசோதகர் முன்போ தன் திறமையை மெய்ப்பித்தே ஆகவேண்டும். ஏட்டுச் சுமை குறைக்கப்பட்டது, சோதனை குறைக்கப்படவில்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் தகாது என்பது சட்டத்தின் பாலபாடமன்றோ!

எனவே, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பறப்புச் சோதனையிலிருந்து எவருக்கும் விலக்கு வேண்டாம். இரண்டாவது, மலைநாட்டில் பறக்கும் விமானி, மலைநாட்டுக்குரிய நிலைமைகளிலும் சோதிக்கப்பட வேண்டும். மூன்றாவது, வழங்கப்படும் ஒவ்வொரு விலக்கும் காரணத்தோடும் காலவரையறையோடும் மும்மொழிகளிலும் வர்த்தமானியில் வெளிவர வேண்டும். சர்வதேச நியமங்களிலிருந்து விலகும் நாடு அதனை மொன்றியலிலுள்ள சர்வதேச அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கையின் 38ஆம் உறுப்புரை. மொன்றியலுக்கு அறிவிக்கத்தக்கது பதுளைக்கும் அறிவிக்கத்தக்கதே.

சட்டத்தின் ஓரத்தில் நிறுத்தப்படுவது எம்மக்களுக்குப் புதிதன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சேவை செய்யத் தடையாக நின்றது. அதனைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். வானத்து விதிக்காக இன்னொரு முப்பதாண்டு காத்திருக்க இயலாது. விமானம் சிறியது என்பதற்காக எந்த மலையும் குனிந்து வழிவிடப் போவதில்லை.