சர்க்கரையும் இரசாயன வேகமும்

இரசாயன மாறுதல்களின் வேகத்தை நிர்ணயிக்கும் காரணங்கள் யாவை என்று பரீட்சையில் வினவினால், நம் மாணாக்கர் விடையெழுதத் தயங்குவதில்லை. செறிவு, உஷ்ணநிலை, மேற்பரப்பு, கிரியா ஊக்கி என அடுக்கி, உஷ்ணம் பத்துப் பாகை ஏறின் வேகம் இருமடங்காகும் என்பதனையும் சேர்த்து முழு மதிப்பெண் பெறுகின்றனர். அவ்வடுக்கு பிழையென்று நாம் கூறவில்லை. ஆயினும், ஒன்றையும் அளந்தறியாது ஒப்புவிப்பது இரசாயனக் கல்வியாகாது என்பதே எமது துணிபு. இதனை விளக்க, நாள்தோறும் நாம் உண்ணும் சர்க்கரை ஒன்றே போதும்.

கரும்புச் சர்க்கரையை நீரிற் கரைத்துச் சிறிது அமிலம் சேர்த்தால், அது மெல்ல மெல்லக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகளாகப் பிரியும். அக்கரைசலின் ஊடே தளமுனைவுற்ற ஒளியைச் செலுத்தினால், ஒளியின் தளம் முதலில் வலப்புறமும், பிரிவு முற்றியபின் இடப்புறமும் திரும்பும். 1850-ஆம் ஆண்டில் வில்ஹெல்மி என்னும் ஜெர்மானிய அறிஞர் இத்திருப்பத்தை அளந்து, எஞ்சியுள்ள சர்க்கரையின் அளவிற்கேற்பவே வேகமும் அமைவதைக் கண்டார். சர்க்கரை பாதியாயின் வேகமும் பாதியாகும்.

உஷ்ணத்தின் செய்தி இன்னும் ஆழமானது. மூலக்கூறுகள் விரைந்தோடி அடிக்கடி மோதுவதால் வேகம் கூடுகிறதென்று எழுதி நிறுத்துவோர் கணக்குப் பார்த்தாரில்லை. 25 பாகையினின்று 35 பாகைக்கு ஏற்றினால், மூலக்கூறுகளின் சராசரி ஓட்டம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிகுவதில்லை. சர்க்கரை பிரியும் வேகமோ ஏறத்தாழ நான்கு மடங்காகிறது! இருமடங்கு என்ற சூத்திரமும் இங்கே பொய்த்தது. சுவீடன் தேசத்து ஆரீனியஸ் 1889-இல் இச்சர்க்கரைக் கிரியையையே ஆராய்ந்தார். மாறுதற்குரிய சக்தி பெற்ற மூலக்கூறுகள் மிகச் சிலவே என்றும், உஷ்ணம் ஏற ஏற அச்சிலவற்றின் தொகை விரைந்து பெருகும் என்றும் அவர் விளக்கினார்.

அமிலம் செய்யும் இவ்வேலையையே இன்வர்டேஸ் என்னும் நொதியும் செய்யும். 1913-இல் மிக்கேலிசும் மென்டென் அம்மையாரும் நொதிகளின் வேகத்திற்குச் சமன்பாடு வகுத்தது இதனைக் கொண்டே. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமற் கிடந்தால் அதிலுள்ள சர்க்கரை குறைதற்கு இந்நொதியும் ஒரு காரணம். வெல்லம் காய்ச்சுவோர் கருப்பஞ்சாற்றிற் சுண்ணாம்பு இடுகின்றனரே, அது சாற்றின் புளிப்பைத் தணித்துச் சர்க்கரை பிரியாமற் காக்கிறது. இஃது எத்துணை மாணாக்கருக்குத் தெரியும்?

இனி மேற்பரப்பு. சர்க்கரைக் கட்டியைத் தீக்குச்சியாற் சுட்டால் உருகும், கருகும், எளிதிற் பற்றாது. அதுவே நுண்தூளாய்க் காற்றிற் கலந்து நிற்குமாயின் வெடிமருந்தை ஒக்கும். 2008 பிப்ரவரி 7-ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரின் சர்க்கரை ஆலையில் 14 தொழிலாளர் மாண்டனர். சர்க்கரை கொண்டுசெல்லும் வார்ப்பட்டையை எஃகுத் தகடுகளால் மூடியிருந்தமையின், தூள் அதனுள்ளே செறிந்து தீப்பற்றியது. அவ்வதிர்ச்சியில், தளங்களிலும் உத்திரங்களிலும் கூட்டாது விடப்பட்டுப் படிந்திருந்த தூள் எழும்பி, வெடிமேல் வெடியாய்க் கட்டடமெங்கும் பரவியது. இது தடுத்திருக்கக் கூடியதே என்று விசாரணை செய்தோர் முடிவு கூறினர். ‘மேற்பரப்பு மிகின் வேகம் மிகும்’ என்னும் நான்கு சொற்களுள் அடங்கியிருப்பது இது. மாவு அரைவையிலும் ஆலையிலும் நாளை மேற்பார்வை செய்யப்போகும் இளைஞர் அதனை மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்றல் தகுமா?

கருவியில்லை என்பார்க்கு ஒன்று கூறுவோம். ஹைப்போ கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் பிரிந்து கரைசல் மங்கும். குடுவையின் அடியில் வைத்த தாளிலுள்ள புள்ளடி மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கடிகாரமும் ஓர் உஷ்ணமானியும் இருந்தாற் போதும். மூன்று உஷ்ணநிலைகளில் ஒவ்வொரு மாணாக்கரும் தம் கையாலேயே அளந்து வரைபடம் இடட்டும். பரீட்சகரும் ‘காரணங்களை வரைக’ என்பதை விடுத்து, அத்தகைய அளவுகளைக் கொடுத்து, அவற்றினின்று அறிவது யாதென வினவுவாராக.