லோ வோல்டேஜுக்கு வேரியாக் போடலாமா?

கேள்வி: ‘‘மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்க 1 ஹெச்.பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கிறோம். மாலை நேரத்தில் 160 வோல்ட்தான் வருகிறது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது. பழைய கடையில் 230 வோல்ட், 10 ஆம்பியர் வேரியாக் ஒன்று கிடைத்தது. அதை வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொள்ளலாமா?’’

- வாசகர், தர்மபுரி மாவட்டம்.

பதில்: குறைந்த வோல்டேஜ் கொடுப்பதால் வேரியாக் கெட்டுப்போகாது. ஆனால், எதிர்பார்க்கும் பலன் முழுதாகக் கிடைக்காது. கவனம் தப்பினால் மோட்டாரே எரிந்துவிடும்.

வேரியாக் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே வருவதை ஒரு விகிதத்தில் கூட்டியோ, குறைத்தோ கொடுக்கிறது. பொதுவாக 230 வோல்ட் கொடுத்தால், குமிழை முழுக்கத் திருகும்போது 270 வோல்ட் வரும். அதே கணக்கில், 160 வோல்ட் கொடுத்தால் அதிகபட்சம் 188 வோல்ட்தான் வரும். குமிழைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்களை அப்போது நம்பக் கூடாது. மீட்டர் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

மோட்டாரின் இழுவிசை, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி விசைதான் இருக்கும். 188 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஓரளவு உதவிதான், போதுமானது அல்ல.

வேரியாக்கின் 10 ஆம்பியர் என்பது, உள்ளே ஓடும் கார்பன் பிரஷ் தாங்கும் அளவு. வோல்டேஜ் குறைந்தாலும் இந்த எல்லை கூடாது. அதனால் 2,700 வோல்ட்-ஆம்பியர் தாங்கக்கூடியது, 1,880 ஆகக் குறைந்துவிடும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும். அடிக்கடி இப்படி நடந்தால் பிரஷ் கருகும்.

பெரிய ஆபத்து வேறு. குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இரவில் வோல்டேஜ் 230-க்குத் திரும்பினால், மோட்டாருக்கு 270 வோல்ட் போகும். காலையில் காயில் கருகிய நாற்றம்தான் மிஞ்சும். ஆள் பக்கத்தில் இல்லாதபோது வேரியாக்கில் மோட்டார் ஓடக் கூடாது.

லைனை ‘இன்புட்’ முனையில்தான் கொடுக்க வேண்டும். மாற்றி ‘அவுட்புட்’டில் கொடுத்தால், குமிழ் கீழே இருக்கும்போது சில சுற்றுகள் மீதே முழு வோல்டேஜும் விழுந்து கருகிவிடும். இன்னொன்று, குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் ஷாக் அடிக்கலாம். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், வெளியே வரும் இரண்டு ஒயர்களிலும் கரன்ட் இருக்கும். மெயினை அணைக்காமல் மோட்டாரைத் தொடக் கூடாது.

வேரியாக்குக்குச் செலவழிப்பதற்கு முன், எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டார் ஓடும்போதே மீட்டர் பெட்டியிலும், மோட்டார் முனையிலும் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். மோட்டார் நிற்கும்போது அளந்தால் வித்தியாசம் தெரியாது. பெட்டியில் சரியாக இருந்து, மோட்டாரில் குறைந்தால், ஒயர்தான் குற்றவாளி. 100 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ செம்பு ஒயர் போட்டிருந்தால், 7 ஆம்பியர் ஓடும்போது சுமார் 17 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ ஒயரில் 6 அல்லது 7 வோல்ட்தான் போகும். தளர்ந்த இணைப்புகளையும் இறுக்கச் சொல்லுங்கள்.

பெட்டியிலேயே குறைவாக இருந்தால், தேதி, நேரம், வோல்டேஜ் மூன்றையும் சில நாள்கள் குறித்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடியிருந்தால், சரிசெய்ய வேண்டியது அங்கேதான்.

அதுவரை சமாளிக்க, மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரன்டையும் தாங்கும் சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கலாம். அதுவும் ஒரு வேரியாக்தான். குமிழைத் திருகும் வேலையை அதிலுள்ள சின்ன மோட்டார் தானாகச் செய்யும். 160 வோல்ட்டிலும் வேலை செய்யுமா, அளவு மீறினால் தானாக அணையுமா என்று கேட்டு வாங்குங்கள். அது அமையும் வரை, வோல்டேஜ் நன்றாக இருக்கும் நேரத்தில் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வதே செலவில்லாத வழி.