வலை கேட்பவர்களுக்கு



சில வாரங்களாக நம் குடும்பக் குழுக்களில் ஒரு காணொளி சுற்றி வருகிறது. எந்த நாட்டுக் கடலோ தெரியவில்லை. சுறாவின் முதுகுத் துடுப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் அலறிக்கொண்டு கரையேறுகிறார்கள். அதன் கீழே யாரோ ‘பெசன்ட் நகர், எச்சரிக்கை’ என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள். சென்ற ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்திலும் இதே பேச்சுதான். அடையாற்று முகத்துவாரத்திலிருந்து மெரினா வரை கடலில் வலை கட்ட வேண்டுமாம். அரசுக்குக் கொடுக்கும் மனுவில் நம் ஜமாஅத்தும் கையெழுத்திட வேண்டுமாம். படித்த பெரியவர்களே இப்படி வாதிட்டார்கள்.

நாங்கள் கையெழுத்திடவில்லை. பிள்ளைகளின் உயிரைவிட மீன்கள் உங்களுக்குப் பெரிதா என்று கேட்கப்பட்டது. பிள்ளைகளின் உயிர் பெரிது என்பதால்தான் கையெழுத்திடவில்லை.

சென்னைக் கடலில் நம் பிள்ளைகளைக் கொல்வது எது? உலகம் முழுவதும் ஓர் ஆண்டில், சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவாகும் நிகழ்ச்சிகள் 60, 70 அளவில்தான் இருக்கின்றன. அவற்றில் இறப்பவர்கள் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. நீரில் மூழ்கி இறந்தவர்களோ, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர். இந்தியாவில் சுறா கடிப்பதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், வைதரணா ஆற்றுக் கழிமுகத்தில் ஓர் இளைஞரின் காலைச் சுறா கடித்தது. அது நாடு முழுவதும் செய்தியானதற்குக் காரணமே அதன் அருமைதான். எலியட்ஸ் கடற்கரையிலும் பட்டினப்பாக்கத்திலும் மெரினாவிலும் மாணவர்கள் மூழ்கி இறக்கும் செய்தியோ நாளிதழின் உள்பக்கத்து மூலையில் நான்கு வரிகளோடு முடிந்துபோகிறது. பெருநாள் மாலையில் புத்தாடையோடு கடலுக்குப் போகும் நம் இளைஞர்களைப் பற்றி எந்தக் காணொளியும் சுற்றுவதில்லை.

எலியட்ஸ் கடற்கரையின் மணலில் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் நிழலில் அமராத குடும்பம் நம்மில் இருக்காது. அது கார்ல் ஷ்மிட் என்னும் டேனிஷ் மாலுமியின் நினைவிடம். 1930 டிசம்பர் 30 அன்று, அங்கே நீரில் தத்தளித்தவரைக் காக்கக் கடலில் இறங்கிய அவர் தாமே மூழ்கிப்போனார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அந்தக் கட்டடம் அந்தக் கடலின் குணத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. நாமோ அதன் முன் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுச் சுறாவைத் தேடுகிறோம்.

மூழ்கடிப்பது நீரோட்டம். கரையில் மோதிய நீர் திரும்பிப் போகும்போது, மணல்திட்டுகளுக்கு இடையே ஒடுங்கிய ஓடைபோல் சேர்ந்து கடலை நோக்கிப் பாய்கிறது. அந்த இடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. பார்ப்பவருக்கு அது அமைதியான இடமாகத் தெரிகிறது. குழந்தையை அழைத்துச் செல்லும் தகப்பன் தேடிப் போவதும் அந்த அமைதியைத்தான்! கால் பிடிமானம் இழந்தவன் கரையை நோக்கி நேராக நீந்தி, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிச் சோர்ந்து மூழ்குகிறான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓடையிலிருந்து விலகிவிடலாம். கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது கயிறோ, காற்றடைத்த டியூபோ, காலி பிளாஸ்டிக் கேனோ எறிவது. ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதன்று. அண்ணனைக் காக்கப் போன தம்பியும் சேர்ந்தே ஜனாஸாவாகத் திரும்பிய வீடுகள் உண்டு.

இனி, அவர்கள் கேட்கும் வலையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1937-இலிருந்து வலை கட்டுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் 1952-இலிருந்து. கடற்கரையை மதில்போல் அடைத்து நிற்கும் வலை என்றுதான் முற்றத்தில் பேசியவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அது அப்படிப்பட்டதன்று. நியூ சவுத் வேல்ஸ் வலை ஒன்றின் நீளம் 150 மீட்டர், உயரம் 6 மீட்டர். கரையின் முழு நீளத்துக்கும் அது இல்லை. சுறா அதன் மேலும் கீழும் பக்கத்திலும் தாராளமாகப் போகலாம். சிக்கும் சுறாக்களில் கணிசமானவை கரைப்பக்கம் போய்த் திரும்பும்போதுதான் சிக்குகின்றன. அதாவது, அவை குளிப்பவர்களுக்கு அருகே ஏற்கெனவே வந்து, யாரையும் தொடாமல் போனவை. அந்த வலை சுறாவைத் தடுப்பதில்லை, பிடித்துக் கொல்கிறது. கூடவே ஆமையையும் ஓங்கிலையும் திருக்கையையும் கொல்கிறது.

நம் கரையில் வலை என்ன செய்யும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று தேவையில்லை. 2025 ஜனவரியில் நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நாம் பார்த்தோம். துர்நாற்றத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். இழுவலைக்குள் அகப்பட்டால் மேலே வந்து மூச்சிழுக்க முடியாமல் அதுவும் மூழ்கியே சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி இருந்தும் இந்தக் கதி. முட்டையிடும் பருவத்தில் அவை கரையேறும் வழியிலேயே நாம் கேட்டு வாங்கி ஒரு வலையைக் கட்டுவதா? 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து, முட்டைகளைத் திரட்டிப் பொரிக்க வைத்துக் கடலில் விடும் கரை இது.

கடலில் குளிப்பவரைச் சுறாவிடமிருந்து காப்பது நம் முன்னோருக்குப் புதிய கவலையன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் பரதவர்களும் மூச்சடக்கி மூழ்கினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். மாபார் கரைக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மந்திரம் ஓதுபவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்றும், மந்திரம் பகலுக்கு மட்டுமே, இரவில் அவிழ்க்கப்படும் என்றும் எழுதியிருக்கிறார். ஆங்கிலேய அரசும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது! அவர் வந்து நின்றால்தான் குளியாளிகள் இறங்குவார்கள் என்பதே காரணம்.

மந்திரம் சுறாவைக் கட்டும் என்று நம்புவது நம் ஈமானுக்கு ஒவ்வாது. அதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை. தாயத்தை அறுத்தெறியச் சொல்லிப் பயான் செய்யும் நாமே, இப்போது 150 மீட்டர் நீளத்தில் ஒரு தாயத்தைக் கடலின் கழுத்தில் கட்டச் சொல்கிறோம். கடல்கட்டியாவது எந்த உயிரையும் கொல்லவில்லை.

கொல்லாமல் காக்கும் வழிகளும் உண்டு. கேப்டவுனின் மியூசன்பெர்க்கில் 2004 முதல் மலைச்சரிவில் ஆட்கள் அமர்ந்து கடலைப் பார்க்கிறார்கள். சுறா தென்பட்டால் சங்கொலி, கொடி, எல்லாரும் கரையேறிவிடுகிறார்கள். அருகிலுள்ள ஃபிஷ் ஹூக்கில், எதுவும் சிக்கிக்கொள்ளாத சிறு கண்ணி வலையால் குளிக்குமிடத்தைக் காலையில் வளைத்து மாலையில் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. வெள்ளைச் சுறா நிஜமாகவே உலவிய கடலிலேயே இது முடிந்தது. நம் கரைக்கு அந்த வளைப்பும் வேண்டியதில்லை. கண்ணும் கொடியும் கயிறும் போதும்.

கண் எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் இருக்கிறது. வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று நீரோட்டத்துக்குப் பெயர் சொல்லி, நிறத்தைப் பார்த்தே இன்று எங்கே இழுக்கும் என்று அறிபவர்கள் அங்கே இருக்கிறார்கள். மூழ்குபவனைக் கூலியின்றி இழுத்துக் கரைசேர்ப்பவர்களும் அவர்களே. அவர்களுடைய இளைஞர்களைப் பயிற்றுவித்து, மாதச் சம்பளத்தில் உயிர்காப்பாளர்களாக அமர்த்து என்று கேட்பதல்லவா மனு? 2021-இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றதே, உயிர்காப்பாளர் ஏற்பாடும் அச்சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. கோவளத்தில் முடிந்தது பெசன்ட் நகரில் ஏன் முடியாது?

சுறாவைப் பற்றியும் ஒரு சொல். உலகில் ஆண்டுக்குச் சுமார் 8 கோடிச் சுறாக்கள் மீன்பிடிப்பில் சாகின்றன. யார் யாருக்கு அஞ்ச வேண்டும்? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு சமைக்காத வீடு நம்மில் குறைவு. ஹலாலான உணவு, குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் சுறா மத்தியைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பால்சுறா ஓராண்டு வயிற்றில் சுமந்து சில குட்டிகளையே ஈனுகிறது. சாணளவு குட்டிச் சுறாவைக் கூறுகட்டி விற்கும்போது அதை வாங்காமல் நகர்வது நமக்குப் பெரிய தியாகமா?

இனி நம் ஜமாஅத்துக்கு. மூழ்கியவன் வீட்டுக்குப் போய் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்று சொல்லிவிட்டு வருகிறோம். நாட்டம் அவனுடையதே. ஒட்டகத்தைக் கட்டுவது யாருடைய வேலை? மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும் என்று மஹல்லாவாரியாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். மெரினாவில் மாநகராட்சியின் நீச்சல்குளம் இருக்கிறது. வேளச்சேரியில் அரசின் நீச்சல் வளாகம் இருக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டுமென்றால் நூறு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் மறுக்கப் போகிறார்களா? இஃப்தார் விருந்தில் ஒரு நாள் செலவைக் குறைத்தால் ஒரு தெருவின் பிள்ளைகள் கோடையில் நீந்தக் கற்றுவிடுவார்கள். பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆ உரையில் ஐந்து நிமிடம் நீரோட்டத்தைப் பற்றிப் பேச இமாமைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிர்காப்பாளர் கோரும் மனு ஒன்றை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அதே முற்றத்தில் இன்ஷா அல்லாஹ் வைப்போம். வலை கேட்டவர்களும் வரட்டும். முதல் கையெழுத்துக்கான இடத்தை அவர்களுக்கே விட்டிருக்கிறோம்.