பெயரைச் சொல்லாவிட்டால் மட்டும் போதுமா? பாலியல் வழக்குகளில் அடையாளத்தை மறைப்பது ஏன்? சட்டம் சொல்வது என்ன?

விருதுநகரில் இளம்பெண் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு 2022 மார்ச்சில் தமிழ்நாட்டையே உலுக்கியது. கைதான 8 பேரில் 4 பேர் சிறார்கள். வழக்கை சிபிசிஐடிக்கு மாற்றுவதாக சட்டப்பேரவையிலேயே அறிவித்தார் முதல்வர் மு.க.ஸ்டாலின்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் எழும் கேள்வி என்ன தெரியுமா? "பேரெல்லாம் வேண்டாம்... எந்த ஏரியா பொண்ணுன்னு மட்டும் சொல்லுங்க."

இந்த 'மட்டும்'தான் சிக்கலே.

தடை போட நீதிபதி தனியாக உத்தரவிட வேண்டுமா?

தேவையில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல வழக்குகளில் எதை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தனியாகத் தடை உத்தரவு போடும். நம் நாட்டில் பாலியல் வன்கொடுமை வழக்கு என்றாலே சட்டமே அந்தத் தடையைப் போட்டுவிடுகிறது.

* பிஎன்எஸ் பிரிவு 72: பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரியவைக்கும் எந்தத் தகவலையோ வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். முன்பு இது ஐபிசி 228ஏ.
* போக்சோ பிரிவு 23: பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம்.
* சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74: குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

இது செய்தி சேனல்களுக்கு மட்டுமான விதி இல்லை. பிரிவு 72 'யாராக இருந்தாலும்' என்றுதான் சொல்கிறது. ஃபார்வர்டு செய்பவருக்கும் பொருந்தும்.

பெயர் இல்லாமலே அடையாளம் தெரியுமா?

தெரியும். அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ரொம்ப சுலபம். பல கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலைக்கோ, தீப்பெட்டி ஆலைக்கோ, அச்சகத்துக்கோ போகிறார். காலையில் ஒரே வேனில் ஏறி, மாலையில் ஒரே வேனில் திரும்பும் ஊர்கள் அவை.

ஒரு சேனல் ஊர் பெயரைச் சொல்கிறது. இன்னொன்று வயதைச் சொல்கிறது. மூன்றாவது, "தாய் பட்டாசுத் தொழிலாளி" என்கிறது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த வேனில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சென்னையில் இருந்து பார்க்கும் நேயருக்கு அது வெறும் தகவல். அந்த வீட்டுக்கோ, ஊரே விரல் நீட்டுகிற மாதிரி.

நிபுன் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: பெயர் மட்டுமல்ல, பொதுமக்கள் அடையாளம் காண உதவும் எந்த விவரமும் வெளியாகக் கூடாது. இத்தகைய வழக்குகளின் எஃப்ஐஆரை பொதுவெளியில் வைக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. விருதுநகர் பெண்ணின் வயது, தெரு, வேலை எதுவும் இந்தச் செய்தியில் இல்லாததற்கும் அதுவே காரணம்.

அரசே மீறினால்?

மீறியிருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் காவல் அதிகாரியின் பேட்டியிலும், சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலும் வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தது. அப்போதும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

மறைப்பதால் என்ன பயன்?

அதே பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ல் தீர்ப்பு வந்தது. 9 பேருக்கும் சாகும்வரை சிறை. விசாரணை மூடிய அறையில் நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூட பிறழ்சாட்சியாக மாறவில்லை. பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கை இல்லாமல் பெண்கள் சாட்சிக் கூண்டு வரை வருவது கடினம். சாட்சி இல்லையென்றால் தண்டனையும் இல்லை.

அப்போ குற்றவாளியையும் மறைக்கிறார்களா?

குற்றம் சாட்டப்பட்டவர் 18 வயது நிரம்பியவர் என்றால் பெயரை வெளியிட இந்தச் சட்டங்களில் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் அவர் தந்தையாகவோ உறவினராகவோ இருந்தால், அவர் பெயரைச் சொல்வது பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்வதற்குச் சமம். அதனால்தான் சில செய்திகளில் இரண்டு பெயருமே இருக்காது. "காப்பாத்துறாங்க" என்று கோபப்படும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* படம், எஃப்ஐஆர் நகல், ஆடியோ எது வந்தாலும் பகிர வேண்டாம். "நீதி கிடைக்கணும்" என்று எழுதிப் பகிர்ந்தாலும் மீறல் மீறல்தான்.
* "எந்தப் பொண்ணு?" என்று கமெண்டில் கேட்பவருக்குப் பதில் சொல்லாதீர்கள்.
* உதவிக்கு: பெண்கள் 181, குழந்தைகள் 1098, இணையத்தில் படம் பரவினால் 1930.

வழக்கு ஒருநாள் முடிந்துவிடும். அந்தப் பெண் அதே ஊரில், அதே தெருவில்தான் வாழ வேண்டும். அடுத்த ஃபார்வர்டை அழுத்தும் முன் அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.