பெயர் விதி நம்முடையது, மாற்றும் வேலை ஏஜென்டுடையது

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருளில் ஒரு கேமராவைச் சேர்க்கும்போது நாம் வேறு பெயர் தராவிட்டால் அது ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்றே பதிவாகும். அடுத்தது அதே பெயரோடு 2, அதற்கடுத்தது 3. நான்கு கேமரா வைத்துத் திருமணமோ கும்பாபிஷேகமோ நேரலை செய்யும் குழுக்களில், மேடை எது வாசல் எது என்பது ஆபரேட்டரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் எழுந்துபோய் இன்னொருவர் உட்கார்ந்தால் தடுமாற்றம்தான். இந்தப் பெயர்களைச் சீராக்கும் வேலையை இப்போது ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைக்க முடிகிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் அதனிடம் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நாமே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

2022-இல் வந்த ஓபிஎஸ் 28 முதல், வெளி நிரல்கள் ஓபிஎஸ்ஸுக்குக் கோரிக்கை அனுப்ப உதவும் வெப்சாக்கெட் சர்வர் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. அதன் வழக்கமான போர்ட் 4455. ‘செட் இன்புட் நேம்’ என்ற கோரிக்கைக்கு, எந்த இன்புட், புதுப் பெயர் என்ன என்ற இரண்டு விவரங்கள் போதும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாக இந்தக் கோரிக்கையை ஒரு கருவியாக்கி ஏஜென்டிடம் தந்துவிடலாம். பிறகு சாதாரண வார்த்தைகளில் சொன்னாலே பெயர் மாறிவிடும்.

மாறிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் கவனம் தேவை. ஒரே இன்புட்டை ஐந்து சீன்களில் பயன்படுத்தியிருந்தால் ஐந்திலும் புதுப் பெயர் வந்துவிடும், சீன்கள் குலையாது. சிக்கல் பெரும்பாலும் ஓபிஎஸ்ஸுக்கு வெளியே. கன்ட்ரோல் பட்டன்கள், ஸ்கிரிப்டுகள், தானியங்கி மேக்ரோக்கள் பலவும் இன்புட்டைப் பெயரால்தான் தேடுகின்றன. உள்ளேயும், ஒலியைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸர் ஃபில்டர், தன்னை இயக்கும் ஒலியான சைட்செயின் சோர்ஸைப் பெயராகவே சேமித்து வைக்கிறது. பெயர் மாறியதும் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. தொகுப்பாளரின் மைக்கை மியூட் செய்யப் பட்டனை அழுத்தும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. ஒரே பெயரில் இரண்டு சோர்ஸ் இருக்க ஓபிஎஸ் விடாது. ஏற்கெனவே உள்ள பெயரைக் கேட்டால் கோரிக்கை பிழையோடு திரும்பும். ஆனால் ‘மைக் 1’ வேறு பெயர் பெற்று, காலியான அந்தப் பெயர் இன்னொரு மைக்குக்குப் போய்விட்டால் எந்தப் பிழையும் வராது. பட்டன் வேலை செய்யும், தவறான மைக்கில். பட்டியலை வரிசையாக்கு என்று பொதுவாகச் சொன்னால் ஏஜென்ட் செய்யக்கூடியது சரியாக இதுதான்.

ஆகவே கருவி செய்வோருக்கும் பயன்படுத்துவோருக்கும் சில விதிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஏஜென்ட் ஊகித்துப் பெயர் வைக்கக்கூடாது. பெயர்ப் பட்டியலை மட்டும் படித்தால் எந்தக் கேமரா எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சோர்ஸின் படத்தையும் எடுத்துத் தரும் கோரிக்கை வெப்சாக்கெட்டிலேயே உண்டு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகே அது பெயரை முன்மொழியட்டும். மைக்கைப் படம் காட்டாது. ஒருவர் தட்டிப் பார்த்து, மீட்டர் அசைவதைக் கண்டு உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது, பழைய பெயர், புதுப் பெயர் என்ற பட்டியலை முழுதாகக் காட்டி, மனிதர் ஒப்புதல் தந்த பிறகே மாற்ற வேண்டும். எந்தப் பட்டன், எந்த மேக்ரோ பழைய பெயரை நம்பியிருக்கிறது என்பதை அந்த நேரத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

மூன்றாவது, இன்புட்டைப் பெயரால் தேடாமல் யுயுஐடி என்ற நிலையான அடையாளத்தால் குறிப்பிட வேண்டும். தமிழில் பெயர் வைப்போருக்கு இது இன்னும் அவசியம். ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ‘கோபுரம்’ என்ற சோர்ஸ் பட்டியலில் இருந்தும் கிடைக்கவில்லை என்ற பதில் வந்தால் இதுவும் காரணமாகலாம்.

நான்காவது, ஒளிபரப்போ பதிவோ ஓடும்போது பெயர் மாற்றக் கருவி பூட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டின் நிலையையும் வெப்சாக்கெட்டில் கேட்டறியலாம். இந்தத் தடையை ஏஜென்டுக்குச் சொல்லும் அறிவுரையாக விட்டுவிடாமல், கருவியின் நிரலிலேயே எழுத வேண்டும். அறிவுரையை மாடல் தவறவிடலாம். நேரலை சாட்டையும் படிக்கும் ஏஜென்டாக இருந்தால், பார்வையாளர் எழுதும் வரியையே கட்டளையாக எடுத்துக்கொள்ளவும் கூடும்.

ஐந்தாவது, வேலைக்கு முன் சீன் கலெக்ஷனை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓபிஎஸ் அனுப்பும் அறிவிப்பில் பழைய பெயரும் புதியதும் சேர்ந்தே வருகின்றன. அதை ஒரு கோப்பில் சேமித்தால் திரும்பிவரும் வழி கையில் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, குழுவுக்கென்று ஒரு பெயர் விதி. இடம் முதலில் வருமா, கருவி முதலில் வருமா? எண் எங்கே? தமிழா, ஆங்கிலமா? இவை நிகழ்ச்சியையும் ஆட்களையும் அறிந்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். விதி எழுத்தில் இருந்தால் ஏஜென்ட் அதை விரைவாகவும் சோர்வின்றியும் நடைமுறைப்படுத்தும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தன் போக்கில் ஒன்றைக் கண்டுபிடிக்கும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கேபிள் இழுக்கும் முன் உங்கள் குழு உட்கார்ந்து அந்த விதியை ஒரு பக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.