தாளுக்குத் திரும்பும் வழி

தமிழ்நாட்டில் நிலம் வாங்க நினைப்பவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். அந்தச் சான்றில் ஒவ்வொரு பதிவோடும் ஆவண எண், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பதிவேடுகளோடு பெயர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் அட்டவணைகள் வைக்கச் சொன்னது. வில்லங்கச் சான்று அந்த அட்டவணைகளைத் தேடி எடுத்த சுருக்கம். சுருக்கத்தை மட்டும் நம்பி விவரமறிந்த யாரும் கிரயம் செய்வதில்லை. வழக்கறிஞர் தாய்ப் பத்திரத்தைக் கேட்பார். சந்தேகம் வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிப் பார்க்கச் சொல்வார். ஆவண எண்ணும் பக்க எண்ணும் இருப்பதால்தான் அது முடிகிறது. கணினிக்கு முன்பே வகுக்கப்பட்ட இந்த ஒழுங்கை இன்றைய தானியக்கம் தொலைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் கோப்புகள் ஷேர்பாயின்ட் போன்ற ஆவண மேலாண்மைத் தளங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கணக்கும் அறிக்கையும் ஸ்நோஃப்ளேக், பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட் போன்ற கிளவுட் தரவுக் கிடங்குகளில் தயாராகின்றன. முன்பு இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்தர் இருந்தார். பில்லைப் பார்த்துத் தொகையைத் தட்டச்சு செய்வார். இப்போது அங்கே ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. புதிய கோப்பு ஏறியதும் நிரலுக்குத் தகவல் வரும். அது கோப்பைத் திறந்து, எழுத்தை அடையாளம் கண்டு, பெயர், தேதி, தொகை என்று பிரித்து, கிடங்கின் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்க்கும். இதனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல. தானியக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிடங்கில் சேரும் ஒவ்வொரு வரியும், தான் எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு வர வேண்டும். அது இல்லாத வரியை வைத்து எந்த மனிதர்மீதும் முடிவெடுக்கக் கூடாது. இதுவே என் வாதம்.

வழியில் வரிகள் தொலைந்தால் சத்தம் கேட்பதில்லை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பேரின் கரோனா தொற்று விவரம் அன்றாடக் கணக்கில் ஏறவில்லை. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய கோப்புகளைத் தானாகத் திரட்டிய பொதுச் சுகாதார அமைப்பு, இடையில் எக்செல்லின் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை உதிர்ந்துபோயின. தொற்றியவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணிதான் தாமதமானது. வந்த வரிகள் எத்தனை, சேர்ந்த வரிகள் எத்தனை என்று தினமும் ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது மூட்டையை எண்ணுவது போன்ற வேலைதான் அது.

தொலைவதைவிட மோசமானது மாறிப்போவது. 2013-இல் ஜெர்மன் கணினி அறிஞர் டேவிட் க்ரீசல், ஸெராக்ஸ் வொர்க்சென்டர் கருவியில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் எண்களே மாறியிருந்ததை வெளிப்படுத்தினார். 21.11, 17.42 என்று அறைகளின் பரப்பளவு இருந்த இடங்களில் 14.13 என்று பளிச்செனப் பதிந்திருந்தது. கோப்பின் அளவைச் சுருக்கும் முறை, ஒத்த உருவமுள்ள துண்டுகளை ஒன்றெனக் கருதி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டது. மங்கலான எழுத்தைக் கண் சந்தேகிக்கும். தெளிவாகத் தெரியும் பிழையை யார் சந்தேகிப்பார்? எழுத்துணரி மென்பொருள்கள் வெகுவாக முன்னேறிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் ஓர் இலக்கத்துக்கு 99 சதவீதத் துல்லியம் என்று வைத்துக்கொண்டால், 12 இலக்க ஆதார் எண் முழுவதும் சரியாக வருவதற்கு வாய்ப்பு சுமார் 89 சதவீதம்தான். ஆதாரில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று இருப்பதால் பெரும்பாலான பிழைகளைக் கணினியே பிடித்துவிடும். பில் தொகைக்கும் மருந்தின் அளவுக்கும் அப்படியொரு காவல் கிடையாது.

எண் ஆவணத்தைவிட்டு விலகினால் மனிதர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா பெரிய சான்று. 'ரோபோடெப்ட்' என்று பெயர்பெற்ற அந்தத் திட்டம் 2015-இல் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. அரசின் உதவித்தொகையைத் தகுதிக்கு மேல் யாரும் பெற்றிருக்கிறார்களா என்று பார்க்க, வரித்துறையின் தரவும் நலத்துறையின் தரவும் கணினி வழியே ஒப்பிடப்பட்டன. உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்தந்த இரண்டு வார வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். விவரம் கிடைக்காத இடங்களில் அந்த ஆண்டுத் தொகையைச் சமமாகப் பங்கிட்டு, இதுதான் உங்கள் வருமானம் என்று அரசு தீர்மானித்தது. ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி பெற்று, அடுத்த ஆறு மாதம் உழைத்துச் சம்பாதித்தவர், ஏட்டளவில் வருடம் முழுவதும் சம்பாதித்தவராகிவிட்டார். அவருக்குக் கடன் கடிதம் போனது. மறுக்க வேண்டுமானால் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவர வேண்டும். அரசு தூக்கிப்பிடித்த எண்ணுக்கு அரசிடமே ஆவணம் இல்லை. அதைக் காட்டும் பாரம் ஏழையின் தலையில் ஏறியது. 2019 நவம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், இப்படிக் கணக்கிட்ட கடன் செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம் 4,70,000 கடன்களின் பேரில் வசூலித்த 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் முன் பிள்ளைகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2023 ஜூலையில் ஆணையத்தின் அறிக்கை வெளியானது.

கோப்பிலிருந்து கிடங்குக்கு வரும்போது இன்னொன்றும் அறுந்துபோகலாம். ஆவணத் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் பார்க்கலாம் என்ற அனுமதி உண்டு. நிரலோ எல்லாவற்றையும் திறக்கும் சாவியோடு உள்ளே போகிறது. வரிகளைக் கொட்டும்போது அந்த அனுமதிகளைத் தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் அவை கூட வருவதில்லை. மனிதவளப் பிரிவு மட்டும் பார்த்த மருத்துவச் சான்று, அறிக்கை தயாரிக்கும் எல்லோர் கண்ணிலும் படும். மூலக் கோப்பை அழித்தாலும் வரி அழியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் திருத்தும் உரிமையையும் அழிக்கக் கேட்கும் உரிமையையும் வகுத்திருக்கிறது. எந்தக் கோப்பிலிருந்து எந்த வரி பிறந்தது என்று தெரியாத நிறுவனம் அந்த உரிமையை எப்படி நிறைவேற்றும்? கிடங்கின் பூட்டும் சிறிய விஷயமல்ல. 2024-இல் ஸ்நோஃப்ளேக்கைப் பயன்படுத்திய சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளுக்குள் இணையத் திருடர்கள் புகுந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனத்தின் கிட்டத்தட்ட எல்லா மொபைல் வாடிக்கையாளர்களின் 2022-ஆம் ஆண்டின் சுமார் ஆறு மாத அழைப்புப் பதிவுகளும் அந்த வழியில் போயின.

எழுத்தரும்தானே தப்பு செய்தார் என்று கேட்கலாம். செய்தார். அவர் தப்பு ஒரு கோப்போடு நின்றது, பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பமும் இருந்தது. நிரலில் ஒரு விதி தவறினால் அதே தவறு லட்சம் கோப்புகளில் ஒரே இரவில் விழும். ஆவணமே போலியாக இருந்தால் அடையாளம் வைத்து என்ன பயன் என்பது கனமான கேள்வி. போலி என்று தெரியவந்த நாளில், அதிலிருந்து பிறந்த வரிகளை எல்லாம் தேடி நீக்க அந்த அடையாளம் ஒன்றுதான் கைகொடுக்கும். ஆவணத்தோடு இணைத்தால் அந்தரங்கம் கசியாதா என்பாரும் உண்டு. கிடங்கில் வைப்பது நகலை அல்ல, கோப்பின் முகவரியை. திறக்கப் போகிறவரைத் தடுப்பதும் விடுவதும் ஆவணத் தளத்தின் அனுமதிதான். செலவு என்ற வாதத்தில்தான் பாதி நியாயம் இருக்கிறது. கோப்பு எண், பதிப்பு, பக்கம், நேரம் என நான்கு நெடுவரிசைகளைக் கூடுதலாகச் சேர்ப்பது மலிவு. நிரலே உறுதியில்லை என்று ஒதுக்கும் வரிகளை உட்கார்ந்து பார்க்க ஆள் போடுவது மலிவல்ல. அந்தச் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். சேர்க்காத திட்டம் தன் செலவைக் குடிமக்கள்மீது தள்ளுகிறது.

ஆகவே அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் இதை நிபந்தனையாக எழுத வேண்டும்: மூல ஆவணத்தின் பக்கத்தைக் காட்ட முடியாத எந்த வரியின் பேரிலும் ஓய்வூதியத்தை நிறுத்தவோ, பாக்கி கேட்கவோ, விண்ணப்பத்தை நிராகரிக்கவோ கூடாது. அது வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரில் கணினி ஒரு தொகையைக் காட்டினால், அது எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.